காற்று நின்ற இடத்தில் தண்ணீர்

கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஆயிரம் அடி போர் என்பது இன்று சாதாரணம். மோட்டாரை இறக்கி, பைப்பும் கேபிளும் ரோப்பும் கட்டி, ஸ்டார்ட்டரில் பொத்தானை அமுக்கித் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். சில மாதம் கழித்து ஒருநாள் ஸ்டார்ட்டர் டிரிப் ஆகிறது. மறுபடி அமுக்கினால் மறுபடி டிரிப். வண்டியை வரவழைத்து, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குகிறார்கள். காயில் போய்விட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். காயில் நன்றாக இருந்து, அதற்குச் சில அடி மேலே டேப் சுற்றி வைத்த ஜாயிண்ட் கெட்டுப்போயிருப்பதும் உண்டு.

நீர்மூழ்கி மோட்டாரில் வியப்பான ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய வகை மோட்டார்களில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறை போர்த்திய செம்புக் கம்பி அது. நன்றாகச் செய்த மோட்டாரில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆக, தண்ணீருக்குள் மின்சாரத்தைக் காப்பது தொழிற்சாலைக்குக் கைவந்த கலைதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து மோட்டாரோடு வருவது சில மீட்டர் நீளக் கேபிள்தான். அதோடு மேலிருந்து வரும் நீளமான தட்டைக் கேபிளைச் சேர்த்தாக வேண்டும். மூன்று கம்பி என்றால் மூன்று ஜாயிண்ட். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள பெரிய மோட்டார் என்றால் ஆறு. இந்த வேலை தொழிற்சாலைக்குள் நடப்பதில்லை. வெயிலில், காற்றில் மண் பறக்க, கிரீஸ் படிந்த கையோடு போர்க்குழி ஓரத்தில் நடக்கிறது. அந்த மோட்டாரின் மின்பாதையில் தொழிற்சாலைக்கு வெளியே கையால் உருவாகி, தண்ணீருக்குள் ஆழமாகப் போகும் பகுதி அதுதான்.

ஜாயிண்டைத் தண்ணீரிலிருந்து காப்பது என்றால் நன்றாக மூடுவது என்றே பலர் நினைக்கிறோம். இன்னொரு சுற்று டேப், அதன்மேல் இன்னொரு சுற்று. டேப்புக்கு அடியில் மிச்சமிருக்கும் காற்றை யாரும் நினைப்பதில்லை. என் கணிப்பில் ஜாயிண்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் காற்றுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். போரில் நீர்மட்டம் 600 அடியில், மோட்டார் 900 அடியில் என்று வைத்துக்கொள்வோம். ஜாயிண்டின் மேல் 300 அடித் தண்ணீர், அதாவது 90 மீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 9 கிலோ எடை அழுத்துகிறது. நிலத்தின் மேலே ஏற்கெனவே இருந்த காற்றழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் பத்து மடங்கு. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி பள்ளியில் படித்ததுதான்: அழுத்தம் பத்து மடங்கானால் காற்றின் கன அளவு பத்தில் ஒரு பங்காகும். டேப்புக்கு அடியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று மாட்டிக்கொண்டிருந்தால், 900 அடியில் அது 0.1 கன சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். மிச்சம் 0.9 கன சென்டிமீட்டர் இடத்துக்கு என்ன ஆகும்? ஒன்று, டேப் உள்ளே நசுங்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நசுங்கும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பும். எத்தனை சுற்று டேப் என்பதைவிட எவ்வளவு காற்று உள்ளே நின்றது என்பதே இங்கே முக்கியம்.

அழுத்தம் செய்யும் வேலை முதல் நாளோடு முடிகிறது. வெப்பம் தினமும் வேலை செய்கிறது. மோட்டார் ஓடும்போது கம்பி சூடாகும், நின்றதும் ஆறும். ஜாயிண்டுக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி செல்சியஸ் வரை போய் 28 டிகிரிக்குத் திரும்பினால் அதன் கன அளவு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஜாயிண்ட் கொஞ்சம் காற்றை வெளியே தள்ளுகிறது, ஆறும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. வெளியே இருப்பது ஈரமென்றால் ஈரத்தை இழுக்கிறது. பொறியாளர்கள் இதை மூச்சுவிடுதல் என்பார்கள். தண்ணீருக்குள் ஆழத்தில் இருக்கும் ஜாயிண்டைத் தண்ணீரே குளிர்விக்கும், அங்கே இந்த ஏற்ற இறக்கம் குறைவு. நீர்மட்டத்தை ஒட்டி, நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி நிற்கும் ஜாயிண்டுக்குத்தான் பாடு அதிகம். சம்ப் மோட்டார், தோட்ட விளக்கு, தெருவோரப் பில்லர் பாக்ஸ் எல்லாம் இந்த வகையில் சேரும்.

உள்ளே தண்ணீர் போனதும் ஏன் உடனே டிரிப் ஆவதில்லை? ஏன் சில மாதம்? இதற்கும் எண்கள் பதில் சொல்கின்றன. மிகத் தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஒரு சென்டிமீட்டர் பக்கம் கொண்ட தூய நீர்க் கனசதுரத்தின் மின்தடை 25 டிகிரியில் சுமார் 1.8 கோடி ஓம். அதே அளவு உப்புச் சுவையுள்ள போர்த் தண்ணீராக இருந்தால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள்தான் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. இப்போது டேப்புக்கு அடியில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமும் உயரமும் கொண்ட ஒரு மெல்லிய நீர்ப்பாதை உருவாகிறது என்று கொள்வோம். அதன் மின்தடை 5 கோடி ஓம். 240 வோல்ட்டில் அதன் வழியே கசிவது 5 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. எந்த ஸ்டார்ட்டரும் இதைக் கண்டுகொள்ளாது.

ஆனால் அந்தக் கசிவு சும்மா இருப்பதில்லை. செம்பு அரிபடுகிறது, பச்சை உப்பாகப் பூக்கிறது. அந்த உப்பும் கரைந்து நீரின் கடத்துத்திறனைக் கூட்டுகிறது. கூடிய கசிவு இன்னும் அரிக்கிறது. பாதை ஒரு சதுர மில்லிமீட்டராக விரியும்போது கசிவு அரை மில்லி ஆம்பியர் ஆகிவிடும். ஈரம் ஒரு இடத்தில் காய்ந்து இன்னொரு இடத்தில் தங்கும்போது நடுவில் நுண்ணிய தீப்பொறிகள் தோன்றி, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரியாக்குகின்றன. கரி மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த ஜாயிண்டைக் காயவைத்தால் பழைய தடை சில நேரம் திரும்பலாம். கரிப்பாதை விழுந்த ஜாயிண்டை எவ்வளவு வெயிலில் போட்டாலும் அது திரும்பாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே வழி.

இன்னொரு சேதம் கம்பியும் கம்பியும் தொடும் இடத்தில் நடக்கிறது. முறுக்கிவிட்ட இணைப்பில் இழைகள் ஒன்றையொன்று சில புள்ளிகளில்தான் உண்மையில் தொடுகின்றன. அந்தப் புள்ளிகளில் ஆக்சைடு படிந்து தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் இருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைக் கட்டைவிரல் அளவு ரப்பருக்குள் சுற்றி வைத்து, மணிக்கணக்கில் எரியவிடுவது போன்றது இது. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரியாகி, அலுமினியம் கரைந்து போகும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் அலுமினியமாகவும் உள்ளே போகும் ஒயர் செம்பாகவும் இருக்கும் நம் ஊரில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு உலோகமும் சேர்த்துச் செய்த லக் கடையில் கிடைக்கிறது.

தண்ணீருக்குள் கம்பி போடும் சிக்கல் ஏறக்குறைய மின்தந்தியின் வயது கொண்டது. 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னஸி என்ற மருத்துவர் ஹூக்ளி ஆற்றின் அடியில் கம்பி போட்டுச் சமிக்ஞை அனுப்பிப் பார்த்தார். தார் பூசிய நூல் போன்றவையே அன்றைய காப்பு. நிலையான தீர்வு தென்கிழக்கு ஆசியாவின் காட்டு மரம் ஒன்றிலிருந்து வந்தது. கட்டா பெர்ச்சா எனும் அந்த மரத்தின் பால் உறைந்தால் கெட்டியாகும், வெந்நீரில் போட்டால் களிமண் போல இளகும், உப்பு நீரில் ஆண்டுக்கணக்கில் கெடாது. 1848இல் மைக்கேல் ஃபாரடே அதன் மின்காப்புத் திறனைப் பற்றி எழுதினார். 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே அதைப் பூசிய கம்பியைக் கடலில் போட்டார்கள், ஒரு நாளைக்குள் அறுந்தது. அடுத்த ஆண்டு இரும்புக் கவசத்தோடு போட்டது நிலைத்தது.

1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு கப்பல்கள் சந்தித்து, தங்கள் கேபிள்களின் முனைகளை இணைத்துக் கடலுக்குள் இறக்கிவிட்டு, எதிரெதிர்த் திசையில் போயின. அந்தக் கேபிள் சில வாரங்களில் ஓய்ந்தது. காப்பில் ஏற்கெனவே குறைகள் இருந்தன. வைட்ஹவுஸ் என்ற மின்னியலாளர் ஏறக்குறைய 2,000 வோல்ட் வரை கொடுத்தது அதை மேலும் கெடுத்தது. அந்தக் காலத்து ஜாயிண்டர் கம்பியைப் பற்றவைத்து, இளக்கிய கட்டா பெர்ச்சாவை விரலாலேயே அழுத்தி அழுத்தி, நடுவில் குமிழி நிற்காமல் பிசைந்து ஒட்டுவார். புதிய பொருளும் பழைய உறையும் ஒரே பொருளாக உருகிச் சேர வேண்டும். அதுதான் முறை. இன்றைய நல்ல முறைகள் எல்லாம் அதே விஷயத்தைத்தான் வேறு வேறு பொருள்களால் செய்கின்றன.

கறுப்பு பி.வி.சி. டேப் அதைச் செய்வதில்லை. அது ஒட்டுவது பசையால். சூட்டில் பசை இளகும், கிரீஸ் பட்ட இடத்தில் ஒட்டாது. ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றின் கீழே நுழையும் இடத்தில் நூல் அளவு இடைவெளி ஒன்று சுருள் பாதையாக ஜாயிண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும். தண்ணீருக்கு அதுவே வாசல். மோட்டார் மெக்கானிக்குகள் அடியில் போடும் ரப்பர் டேப் வேறு வகை. அதில் பசை கிடையாது. இழுத்து நீட்டி, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால், அடுக்குகளில் உள்ள ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, சில மணி நேரத்தில் அடுக்கே தெரியாத ஒரே ரப்பர்க் கட்டியாகிவிடும். நன்றாக இழுத்துச் சுற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. இழுவிசைதான் காற்றை வெளியே பிதுக்குகிறது, அடுக்குகளை அழுத்துகிறது. அவசரத்தில் தளர்வாகச் சுற்றிய ரப்பர் டேப்பும் சாதாரண டேப்பும் ஒன்றுதான். இதன்மேல் பி.வி.சி. டேப் சுற்றுவது பைப்பில் உரசாமல் இருக்க.

அடுத்தது ஹீட் ஷ்ரிங்க். இது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. 1933இல் இங்கிலாந்தில் பிறந்த பாலிஎத்திலீன் சூட்டில் உருகிவிடும். 1950களின் தொடக்கத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி என்ற இயற்பியலாளர் அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, தனித்தனிச் சங்கிலிகளாக இருந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொண்டன. அதன் பிறகு அது உருகி ஓடவில்லை. சூடானால் ரப்பர் போல ஆனது. அப்படிச் சூடாக இருக்கும்போது குழாயை விரித்து, விரித்தபடியே குளிரவைத்தால் விரிந்த வடிவிலேயே உறைந்துவிடும். மறுபடி சூடாக்கினால் பழைய சிறிய வடிவத்துக்கே திரும்பும். 1957இல் கலிபோர்னியாவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஜாயிண்டுக்கு வாங்கும்போது உள்சுவரில் உருகும் பசை பூசிய வகையையே கேட்டு வாங்க வேண்டும். பசையில்லாத குழாய் சுருங்கி இறுக்கிப் பிடிக்குமே தவிர இடைவெளியை நிரப்பாது. சூடு காட்டும்போது நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறும். முனைகளை முதலில் சுருக்கிவிட்டால் நடுவில் காற்று சிறைப்பட்டுவிடும். முனையில் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வருவதைப் பார்க்கும்வரை சூட்டை நிறுத்தக் கூடாது.

அச்சு மாட்டி இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் ரெசின் முறையும் உண்டு. பாலியூரித்தேன் வகையென்றால் கலக்கும்போது ஈரம் படவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். ரெசின் கெட்டியாகும்போது குமிழிகள் அதற்குள்ளேயே தங்கிவிடும். மழைத் தூறலில் ஊற்றிய ரெசின் வெளியே வழவழப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கலாம்.

நகரத்தின் நிலத்தடிக் கேபிளுக்கு வந்தால் காற்றுக் குமிழியின் குற்றம் பன்மடங்காகிறது. சென்னையின் பல பகுதிகளில் 11 கிலோவோல்ட் மின்சாரம் சாலைக்கு அடியில் ஓடுகிறது. அந்தக் கேபிளில் கம்பியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தடிமனில் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். ஒரு பேஸுக்கும் பூமிக்கும் இடையே 6.35 கிலோவோல்ட். காப்பு 3.6 மில்லிமீட்டர் என்றால் சராசரியாக மில்லிமீட்டருக்கு 1.8 கிலோவோல்ட், பாலிஎத்திலீனுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் நடுவே தட்டையான காற்றுக் குமிழி ஒன்று இருந்தால் அதற்குள் மின்புலம் 2.3 மடங்கு, அதாவது மில்லிமீட்டருக்கு 4 கிலோவோல்ட் ஆகிவிடும். சாதாரணக் காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட்டில் உடைந்து பொறி விடும். மிகச் சிறிய குமிழி இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பொறி நொடிக்கு நூறு முறைக்கு மேல் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

ஈரம் சேர்ந்தால் இன்னொரு நோய். 1960களின் இறுதியில் ஜப்பானில் கவனித்தார்கள்: நீரும் மாறுதிசை மின்புலமும் சேர்ந்திருக்கும் இடத்தில் பாலிஎத்திலீனுக்குள் மரக்கிளைகள் போன்ற நுண்ணிய தடங்கள் வளர்கின்றன. நீர்மரம் என்பார்கள். வளர ஆண்டுகள் ஆகும், சத்தமோ பொறியோ இராது. ஒருநாள் அதன் நுனியிலிருந்து மின்முறிவு தொடங்கி, கேபிள் வெடிக்கும்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தேங்கிய பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தியே வைத்தார்கள். அப்போது உயிர்களைக் காக்க வேறு வழியில்லை. ஆனால் வெள்ளம் வடிந்து தெரு காய்ந்த பிறகும் நிலத்தடி ஜாயிண்டின் கணக்கு தீர்வதில்லை. அன்று நுழைந்த ஈரம் அடுத்த கோடையில், குளிர்சாதனங்கள் எல்லாம் ஓடிக் கேபிள் சூடாகும் நாளில் வேலையைக் காட்டலாம்.

தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்துதான் வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. பல இழைகள் முறுக்கிய கம்பிக்குள், இழைகளுக்கு இடையே நீளமான சந்துகள் இருக்கின்றன. கேபிளின் ஒரு முனை மழையில் திறந்து கிடந்தால், அந்தச் சந்து வழியே நீர் மீட்டர் கணக்கில் உள்ளே போய், வெளிப்புறம் அருமையாக மூடிய ஜாயிண்டுக்குள் நடுக்கம்பி வழியாக வந்து சேரும். நல்ல கேபிள்களில் இதைத் தடுக்க நீர் பட்டதும் உப்பும் ஒரு பொடியையோ நாடாவையோ வைத்திருப்பார்கள். குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் வகைப் பொருள்தான் அது. அந்த வசதி இல்லாத கேபிளுக்கு முனையை மூடும் ஒரு சிறு தொப்பி போதும். சாலையோரக் குழியில் வெட்டிய கேபிளின் முனை வானத்தைப் பார்த்து மழையில் நனைந்துகொண்டிருக்கும் காட்சியை எத்தனையோ தெருக்களில் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் மனது பதறுகிறது. அந்த முனையை அப்படியே எடுத்து ஜாயிண்ட் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கிட் வாங்கினாலும் பயனில்லை.

பழைய காகிதக் கேபிள் காலத்து ஜாயிண்டர்களிடம் ஒரு சோதனை இருந்தது. எண்ணெயில் ஊறிய அந்தக் காப்புக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து, நன்றாகச் சுட்ட எண்ணெயில் போடுவார்கள். நுரை வந்தால் ஈரம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கேபிளை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி பார்ப்பார்கள். நுரை நிற்கும்வரை ஜாயிண்ட் தொடங்காது. பிளாஸ்டிக் கேபிள் வந்த பிறகு அந்த எண்ணெய்ச் சட்டி மறைந்தது, அதோடு முதலில் ஈரத்தைப் பார்க்கும் பழக்கமும் தளர்ந்துவிட்டதோ என்ற கவலை எனக்கு உண்டு.

வீட்டுக்கோ தோட்டத்துக்கோ மோட்டார் போடுபவர்கள் கேட்டுச் செய்யவேண்டியவை அதிகமில்லை. நடுவில் ஒட்டுப்போடாமல் ஆழத்துக்குத் தேவையான முழு நீளத்துக்கும் ஒரே கேபிளாக வாங்குங்கள். மோட்டாருக்கு மேலே தவிர்க்க முடியாத அந்த ஜாயிண்டில் மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் வெட்டாமல் முன்னும் பின்னுமாக வெட்டி இணைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ஈரம் புகுந்தாலும் அடுத்ததைத் தொடாது. வெறுமனே முறுக்குவதைவிடச் செம்புக் குழல் போட்டு கிரிம்ப் செய்வது நல்லது. கேபிளின் மேலுறையை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகே டேப்போ குழாயோ ஏற வேண்டும்.

கடைசியாக மெக்கர், அதாவது மின்காப்பின் தடையை அளக்கும் கருவி. காய்ந்த ஜாயிண்டைக் காற்றில் வைத்து மெக்கர் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. காற்றே நல்ல மின்காப்பு. ஜாயிண்டை ஒரு டிரம் தண்ணீருக்குள், முடிந்தால் இரவு முழுக்க ஊறவிட்டு, கம்பிக்கும் அந்தத் தண்ணீருக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். புது ஜாயிண்டில் முள் பல நூறு மெகாஓமைத் தாண்டி நிற்கும். சில மெகாஓமில் நின்றால், இன்றைக்கு மோட்டார் ஓடும் என்றாலும், அதை இறக்கக் கூடாது. வெட்டிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சம்ப் மோட்டாரோ தோட்ட விளக்கோ உள்ள வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 240 வோல்ட்டில் காப்பு பத்தாயிரம் ஓமாக இறங்கினாலே கசிவு 24 மில்லி ஆம்பியர். ஈரத் தரையில் நிற்கும் மனிதரின் உடல் வழியே அவ்வளவு மின்சாரம் பாய்ந்தால், பிடித்த கையை அவரால் விடுவிக்க முடியாமல் போகலாம்.